துப்பாக்கி இல்லாத ஊரில் துப்பாக்கி நாய்

சாப் கூப்பிடுகிறார் என்று பியூன் வந்து சொன்னதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. என் மனைவியின் டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் அவர் மேஜைக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார், அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனேன். மேஜைமேல் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் ஒரு நாய்க்குட்டி. பெட்டிக்கு அடியில் என் மனைவியின் விண்ணப்பம், ஓரம் நனைந்துபோய். நனைத்தது தண்ணீர் இல்லை என்பது பக்கத்தில் போனதும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

ஆட்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவன். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ரோடு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஃபீனிக்ஸ் பே ஜெட்டி என்கிற படகுத்துறையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் சம்பளம். மனைவிக்கும் அதே ஆபீஸ்தான், ஆனால் கேம்ப்பெல் பே கிளை. அது தெற்கே கடைசித் தீவு, கப்பலில் போனால் இரண்டு நாளுக்குமேல் ஆகும். கல்யாணமாகி நாலு வருஷம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் சோறு தின்றதெல்லாம் லீவு நாட்களில்தான். அவளை இங்கே மாற்ற ஒரே ஒரு கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து சாப்பின் பேனாவுக்குள் இருந்தது.

சாப் மெயின்லேண்டிலிருந்து இரண்டு வருஷப் போஸ்டிங்கில் வந்தவர். எங்கள் தீவில் பத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து பேசுகிற இந்தியில் எல்லா ஆபீஸரும் சாப்தான். சிலரை மனசாரக் கூப்பிடுவோம், சிலரை வாயால் மட்டும் கூப்பிடுவோம். இவர் இரண்டாவது ரகம்.

"இது லாப்ரடார். கன் டாக்," என்றார், ஏதோ பீரங்கி வாங்கி வந்தவர் மாதிரி.

துப்பாக்கி நாய். வேட்டைக்காரன் பறவையைச் சுடுவான். அது புதரிலோ தண்ணீரிலோ போய் விழும். இந்த நாய் அதுவரைக்கும் அவன் காலடியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்து, 'ஃபெட்ச்' என்று சொன்னால் மட்டும் எழுந்து ஓடி, பல் படாமல் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தீவில் வேட்டையாடினால் ஜெயில். சாப்பிடம் துப்பாக்கியும் கிடையாது. அவருடைய தாத்தாவிடம் இருந்ததாம். எப்போதோ செத்துப்போன தாத்தாவிடம் துப்பாக்கி இருந்த ஒரே காரணத்துக்காக, ஒரு குட்டியை விமானத்தில் ஏற்றிக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார் மனுஷன்.

"உனக்கு நாய் பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"எங்க வீட்ல எப்பவும் நாய் உண்டு சாப்," என்றேன். பச்சைப் பொய். பத்துபஸ்தியில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு தெருநாய் படுத்திருக்கும். நான் வாளி எடுத்துக்கொண்டு போனால் உறுமும். அவ்வளவுதான் எனக்கும் நாய்க்கும் இருந்த பழக்கம்.

"அச்சா. அப்ப நீதான் ட்ரெயினர்."

"சாப், என் வீட்டுக்காரியோட அப்ளிகேஷன்..."

"இவன் ட்ரெயினிங் முடியட்டும். தேக் லேங்கே." பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். பெட்டியைத் தூக்கி என் கையில் வைத்தார். அடியில் இருந்த விண்ணப்பத்தை இரண்டு விரலால் எடுத்து ஜன்னலோரம் காயப்போட்டார். அன்றைக்கு எனக்கு வெட்கமாகவே இல்லை, அய்யோ, சந்தோஷமாக இருந்தது! நாயைப் பழக்கினால் பெண்டாட்டி வருவாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பெட்டியோடு படியிறங்கினேன்.

பழக்குவதற்கு ஒரு இங்கிலீஷ் புத்தகமும் கொடுத்தார். அதில் இருக்கிற நாயெல்லாம் பனிமூட்டத்தில் நடக்கும். எஜமானர்கள் முழங்கால்வரை பூட்ஸ் போட்டிருப்பார்கள். நான் ஹவாய் செருப்பு. புத்தகம் சொன்னது, குட்டி ஒவ்வொரு முறை உட்காரும்போதும் சிறு துண்டு சீஸ் கொடு என்று. சீஸுக்கு நான் எங்கே போவேன்? நெத்திலிக் கருவாடு கொடுத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமே, குட்டி ரொம்பக் கெட்டிக்காரன். இரண்டே நாளில் உட்காரக் கற்றுக்கொண்டது. அதற்குள் என் சட்டைப்பை, மேஜை டிராயர், ஃபைல்கள் எல்லாம் கருவாட்டு வாசம் அடிக்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியை ஒரு கெஜம் தள்ளிப் போட்டுக்கொண்டார். சாப் குட்டிக்கு நாலு பேர் உட்கார்ந்து யோசித்த மாதிரி நீளமாக ஒரு இங்கிலீஷ் பேர் வைத்திருந்தார். அதைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் குட்டி ஜெட்டிவரை போய்விடும். நான் குட்டி என்றே கூப்பிட்டேன், அதுவும் வந்தது.

அடுத்தது கவ்விக்கொண்டு வருகிற பாடம். சாப்பின் பழைய சாக்ஸில் தேங்காய் நாரை அடைத்துத் தைத்து ஒரு பொய்ப் பறவை செய்தேன். அதில் நிஜமான இறக்கை கட்டினால் வேட்டை வாசம் பழகும் என்று புத்தகம் சொன்னது. கறிக்கடையில் ஒரு கோழி இறக்கை வாங்கிக் கட்டி வீசினேன். குட்டி பாய்ந்து போனது, பல் படாமல் கவ்வியது, அப்படியே உட்கார்ந்து பல் படும்படி தின்றது. இறக்கையை மட்டும் இல்லை, கட்டிய கயிற்றையும் சேர்த்து. சாப்புக்குத் தெரிந்தால் என் விண்ணப்பம் கிழிந்தது என்று பயந்து, இரண்டு நாள் அதன் பின்னாலேயே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு அலைந்தேன். மூன்றாம் நாள் காலையில் கயிறு வந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன். படித்து, பரீட்சை எழுதி, அரசாங்க உத்தியோகம் வாங்கியவன் நான். அதையும் மறந்துவிடாதீர்கள்.

அதற்கப்புறம்தான் சத்தத்தின் பாடம். துப்பாக்கி நாய் துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரளக்கூடாது, சின்ன வயசிலேயே தூரத்தில் வெடிச்சத்தம் கேட்கவைத்து மெல்ல மெல்லப் பழக்க வேண்டுமாம். "வெடி போடலாமா?" என்று சாப் கேட்டார். ஜெட்டிக்குப் பக்கத்தில் வெடி போட்டால் குட்டியை விட்டுவிட்டு என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்போது என் மண்டையில் ஒரு யோசனை உதித்தது. இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. "சாப், துப்பாக்கி இல்லாட்டி என்ன? கப்பல் ஹார்ன் இருக்கே! அதைவிடப் பெரிய சத்தம் இந்தத் தீவுல எது?" என்றேன். சாப் என் தோளில் தட்டினார். அந்தத் தட்டிலேயே பாதிக் கையெழுத்து விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆக, தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குட்டியை ஜெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். இரண்டு மணிக்கு ஒரு போட் கிளம்பும். கிளம்பும்போது நீளமாக ஒரு ஹார்ன். முதல் நாள் குட்டி என் காலுக்கு நடுவில் புகுந்துகொண்டது. பத்து நாளில் காதைக்கூட அசைக்கவில்லை. சரி, வந்ததுதான் வந்தோம், அசையாமல் உட்காரும் பாடத்தையும் இங்கேயே முடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். குட்டியை உட்காரவைத்து, சாக்ஸை வீசிவிட்டு, 'ஃபெட்ச்' சொல்லாமல் காக்கவைக்க வேண்டும். இன்றைக்கு ஒரு நிமிஷம், நாளைக்கு இரண்டு, இப்படிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

இதில் நான் செய்த திருட்டுத்தனத்தைச் சொல்லியே ஆக வேண்டும். குட்டி காத்திருக்கிற நேரத்தில் நான் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவேன். சாக்ஸ் அங்கே கிடக்கும், குட்டி இங்கே உட்கார்ந்திருக்கும், நான் நடுவில் சாம்பார் சாதம் பிசைவேன். ஹார்ன் அடித்தால் இரண்டு மணி, ஆபீஸுக்குத் திரும்ப வேண்டும். அப்போதுதான் சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு 'ஃபெட்ச்' என்பேன். குட்டி அம்புபோலப் பாயும். இப்படியே மூன்று மாசம், ஞாயிறு தவிர ஒரு நாள் விடாமல்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் மனைவி போன் பண்ணுவாள். சிக்னல் இருந்தால் பேச்சு, இல்லாவிட்டால் பாதி வார்த்தை.

"இன்னைக்கு எவ்வளவு நேரம் அசையாம உட்கார்ந்தான்?"

"இருபது நிமிஷம்!"

"யாரு, குட்டியா நீங்களா?"

"ரெண்டு பேரும்தான்."

"நல்லா ட்ரெயினிங் குடுத்திருக்காரு உங்க சாப். சாக்ஸை வீசிட்டாரு, நீங்க உட்கார்ந்திருக்கீங்க. எப்ப 'ஃபெட்ச்' சொல்வாராம்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உனக்காகத்தானடி இவ்வளவும் என்று கத்தினேன். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. அவள் காதில் விழுந்ததா இல்லையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஒருநாள் சாப்பே ஜெட்டிக்கு வந்து பார்த்தார். நல்ல வேளை, டிபன் பாக்ஸை ஒளித்துவைக்க நேரம் கிடைத்தது. குட்டி கல்லுப் பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருந்தது. பயணிகள் பெட்டி இழுத்துக்கொண்டு போனார்கள், ஒருத்தர் மீன்கூடையோடு மூக்குக்கு முன்னாலேயே போனார், குட்டி திரும்பவில்லை. ஹார்ன் அடித்தது. 'ஃபெட்ச்' என்றேன். பாய்ந்து போய் எடுத்து வந்து கையில் கொடுத்தது. சாப்பின் கண் கலங்கிவிட்டது. தாத்தா ஞாபகமாம். "அடுத்த ஞாயிறு ஊருக்கு வெளியே சிப்பிகாட்டில் என் நண்பர்களைக் கூப்பிட்டிருக்கிறேன். எல்லோர் முன்னாலும் இவன் செய்து காட்டட்டும். திங்கட்கிழமை உன் ஃபைல்," என்றார். திங்கட்கிழமை! அவர் வாயிலிருந்து முதன்முதலாக ஒரு கிழமை வந்தது.

அந்த வாரம் மனைவி பத்து நாள் லீவில் வந்திருந்தாள். அவளையும் அழைத்து வரச் சொன்னார் சாப். எவ்வளவு பெருந்தன்மை என்று பார்த்தேன். பிறகு பியூன் வந்து, மேடம் பஜ்ஜி நன்றாகப் போடுவார்களாமே, இருபது பேருக்கு மாவு கரைத்துக்கொண்டு வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாளுக்கு மேல் கப்பலில் ஆடிக்கொண்டு வந்தவள், சிப்பிகாட்டில் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் ஸ்டவ் முன்னால் நின்று வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். முகத்தில் எண்ணெய் தெறித்தது. "திங்கட்கிழமைன்னாரு இல்ல?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள்.

நண்பர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். எதிரே புல்வெளி, அப்பால் தண்ணீர் தேங்கின பள்ளம். சாப் தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு, குட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, சாக்ஸைத் தானே வீசினார். குட்டி அசையவில்லை. கைதட்டல். "என்ன கட்டுப்பாடு பாருங்கள்!" என்று யாரோ சொன்னார்கள். சாப் மீசையைத் தடவிக்கொண்டே ஒரு நிமிஷம் காக்கவைத்தார். பிறகு கம்பீரமாக, "ஃபெட்ச்!"

குட்டி அசையவில்லை.

"ஃபெட்ச்!" அசையவில்லை. இதுவும் பாடத்தில் ஒரு பகுதி போலிருக்கிறது என்று நண்பர்கள் மறுபடி கைதட்டினார்கள். "ஃபெட்ச்! ஃபெட்ச்!" சாப்பின் குரல் கீச்சென்று ஏறியது. குட்டி நல்ல பிள்ளையாகச் சாக்ஸையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன். கருவாட்டைக் காட்டிச் சொன்னேன். ம்ஹூம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடப்பாவி! மூன்று மாசமாக நான் சோற்று வாயோடு முணுமுணுத்ததை இது எங்கே கேட்டது? இது கேட்டதெல்லாம் ஹார்ன். ஹார்ன் அடித்தால் ஓடு, அடிக்காவிட்டால் உட்கார். சிப்பிகாட்டில் எந்தக் கப்பல் வந்து ஹார்ன் அடிக்கும்?

சாப் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் திங்கட்கிழமை நழுவிப்போவது தெரிந்தது. நான் யோசிக்கவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்து, அடிவயிற்றிலிருந்து, "பா...ம்ம்ம்ம்ம்ம்!" என்று ஊதினேன். என் கழுத்து நரம்பு புடைத்தது. குட்டி பறந்தது. சாக்ஸைக் கவ்விக்கொண்டு வந்து சாப் கையில் அழகாகக் கொடுத்தது.

நாற்காலியில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்றார்கள். சாக்ஸ் வீசப்பட்டது, நான் ஊதினேன். மறுபடி வீசினார்கள், மறுபடி ஊதினேன். ஏழு தடவை. நாயை யாரும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். ஒருவர் போனில் படமே பிடித்தார். சாப்பும் சிரித்தார், ஏதோ அவரே ஏற்பாடு செய்த வேடிக்கை மாதிரி. கொட்டகையில் என் மனைவி பஜ்ஜிக் கரண்டியோடு நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. ஊரே கூடி என் மானத்தை வாங்கியதுகூட எனக்கு வலிக்கவில்லை, அவள் சிரித்திருக்கலாம் என்றிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது, "தொண்டை வலிக்குதா?" என்றாள். வெந்நீர் போட்டுத் தருகிறேன் என்றாள்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனால், சாப்பின் அறையில் பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு மெயின்லேண்டுக்கு டிரான்ஸ்ஃபர். ஆர்டர் வந்து பத்து நாள் ஆகிவிட்டதாம். அதாவது, அவர் ஜெட்டிக்கு வந்து கண் கலங்குவதற்கு முன்னாலேயே. ஞாயிற்றுக்கிழமை நடந்தது அவருடைய பிரிவு உபசாரம். அது எங்களுக்கு மட்டும்தான் தெரியாது.

"உன் ஃபைலில் நல்ல நோட் போட்டு வைத்திருக்கிறேன். புது ஆள் வந்து பார்ப்பார்," என்றார்.

"நீங்க கையெழுத்துப் போட்டாலே போதுமே சாப்."

"போகிற நேரத்தில் போட்டால் நன்றாக இருக்காது." பிறகு, பெரிய மனசு பண்ணிக் குட்டியின் கயிற்றை என் கையில் கொடுத்தார். "ஃப்ளாட்டில் இவனை வைத்துக்கொள்ள முடியாது. நீயே வைத்துக்கொள். உன் உழைப்புதானே!" வியாழக்கிழமை அவர் விமானம் எங்கள் பத்துபஸ்தி வீட்டுக் கூரைக்கு மேலே காது கிழியப் போனது. குட்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சத்தத்துக்கு மிரளாமல் அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன். நான் மட்டும் கொல்லையில் நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அந்த விமானத்தைத் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை மனைவிக்குக் கப்பல். பங்க் டிக்கெட், அதாவது கீழ்த்தளத்து அடுக்குப் படுக்கை. வீட்டில் விட ஆள் இல்லாததால் குட்டியும் ஜெட்டிக்கு வந்தது. அவள் குனிந்து அதன் காதைத் தடவிக் கொடுத்தாள். "புது சாப்புக்கு நாய் பிடிக்குமோ, பூனை பிடிக்குமோ. எதுக்கும் ரெண்டையும் பழகி வெச்சுக்கோங்க," என்றாள். நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் ஏறிப்போய் கீழ்த்தளத்துக் கம்பியோரம் நின்றாள். கப்பலைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்கள். கப்பல் ஒரு ஆள் நீளம் நகர்ந்தது. ஹார்ன் அடித்தது.

கையிலிருந்த கயிறு உருவிக்கொண்டு போனதுதான் தெரியும். குட்டி ஜெட்டி விளிம்பிலிருந்து தொப்பென்று தண்ணீரில் விழுந்து, கப்பலைப் பார்த்து நீந்த ஆரம்பித்தது. கப்பலின் பின்பக்கம் விசிறி சுழன்று தண்ணீரைக் கலக்குகிறது. "ஸிட்! கம்! டேய்! வாடா!" என்று தெரிந்த பாஷையிலெல்லாம் அலறினேன். எந்தக் காலத்தில் அது என் வார்த்தையைக் கேட்டது? கம்பியோரம் நின்றவள் சட்டென்று குனிந்து, காலில் கிடந்த ஹவாய் செருப்பில் ஒன்றைக் கழற்றி, கப்பலுக்கு எதிர்ப்பக்கம், ஜெட்டிப் படிக்கட்டை நோக்கி வீசி எறிந்தாள். குட்டியின் தலை திரும்பியது. செருப்பு மிதந்தது. போய்க் கவ்வியது. படியேறி வந்து, உடம்பை உதறி, என் முன்னால் உட்கார்ந்து, பல் படாமல் என் கையில் கொடுத்தது.

போன் அடித்தது. "பிழைச்சுதா?"

"பிழைச்சுது. செருப்பும் வந்துடுச்சு."

"ஒத்தச் செருப்போட போய் இறங்கப் போறேன். பத்திரமா வைங்க. நானே வந்து..." அதோடு சிக்னல் போய்விட்டது. கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது. கம்பியோரம் நிற்பவர்களில் யார் அவள் என்று தெரியவில்லை.

குட்டி சொட்டச் சொட்ட உட்கார்ந்து, அடுத்து எதைக் கொண்டுவர வேண்டும் என்று என் முகத்தையே பார்த்தது. நான் கப்பலைக் காட்டினேன். "ஃபெட்ச்," என்றேன். அசையவில்லை. அதற்கு ஹார்ன் வேண்டும். கப்பல் தன் ஹார்னை அடித்து முடித்துவிட்டது. ஒரு தடவை ஊதித்தான் பார்ப்போமே என்று செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் வாயில் குவித்தேன். அத்தனை பேர் முன்னால் ஏழு தடவை வந்த சத்தம், இப்போது வரவில்லை.